பார்ட்னருங்களுக்கு பதில் சொல்ல வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்: ஒன்றரை வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் எங்களுக்கு சின்னதா ஒரு சுங்குடி சேலைக் கடை இருக்கு. இப்ப கடைக்கு வந்து வாங்குறவங்கள விட ஆன்லைன்ல போறதுதான் ஜாஸ்தி, அதுலயும் பாதிக்கு மேல அஃபிலியேட் பார்ட்னருங்க வித்துக் குடுக்குறது. ஆளுக்கு ஒரு கூப்பன் கோட், அந்தக் கோட போட்டு யாரு வாங்குனாலும் அவங்களுக்கு கமிஷன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், திண்டுக்கல்னு அறுபது எழுபது பேரு இருக்காங்க, முக்காவாசி வீட்ட பாத்துக்கிட்டே விக்கிற அக்காமாருங்கதான், கொஞ்சம் காலேஜ் பிள்ளைங்க. இம்புட்டு பேருக்கும் பதில் சொல்றது நான் ஒருத்திதான்.

முன்னாடி எல்லாமே என் சொந்த நம்பர்ல வரும். சோறு வடிக்கையில மெசேஜ், பிள்ளைய ஸ்கூல்ல விடப்போகையில மெசேஜ், ராத்திரி பதினொன்றரைக்கு "அக்கா என் கமிஷன் ஏறலையே"ன்னு மெசேஜ். நாள் பூரா பதில் சொல்லிக்கிட்டே இருப்பேன், ஆனா முக்கியமான ஆளுக்கு சொல்லியிருக்க மாட்டேன். உசிலம்பட்டில ஒரு தங்கச்சி நல்லா வித்துக்கிட்டு இருந்துச்சு, கஸ்டமர் காத்திருக்காங்க அரக்கு கலர் ஸ்டாக் இருக்கான்னு கேட்டிருக்கு, குட்மார்னிங் படங்களுக்கு நடுவுல அது உள்ள போயிருச்சு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன். "பரவால்லக்கா"ன்னு சொன்னா, ஆனா அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விக்கிறதையே நிறுத்திட்டா. இன்னும் அது எனக்கு மனசுல இருக்கு.

நடுவுல பார்ட்னர்கள கவனிக்கிறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர், பேரு வேணாம், வருஷச் சந்தா கட்டி வாங்குனோம். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், லாகின் பண்ணி உள்ள போயி பாக்கணும், ஒருத்தரும் திறக்கல, அதுல இருக்கிற கணக்கையே வாட்ஸ்அப்ல வந்து எங்கிட்ட கேட்டாங்க. சரி ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்கிட்டே நம்மளும் இருப்போம்னு தனியா ஒரு சிம் வாங்கி பிசினஸ் ஆப் போட்டேன். காசு கிடையாது, ஒரே போன்ல சாதா வாட்ஸ்அப்பும் இதுவும் வேற வேற நம்பர்ல ஓடும்.

இதுல எனக்கு நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்தது குயிக் ரிப்ளைதான். ஒரு வாரம் உக்காந்து யாரு என்ன கேக்குறாங்கன்னு நோட்டுல எழுதுனேன், சுத்திச் சுத்தி அஞ்சாறு கேள்விதான் வருது. கமிஷன் எப்ப வரும், சாயம் போகுமா, டிடிஎஸ் (கமிஷன குடுக்கிறப்பவே கழிக்கிற வருமான வரி) பிடிப்பீங்களா, ரிட்டன் ஆனா என் கமிஷன் போயிருமா, இது கைக்கட்டு சுங்குடியா பிரிண்ட்டா. ஒவ்வொண்ணுக்கும் நிதானமா ஒரு நல்ல பதில் எழுதி வச்சேன், சாய்வுக்கோடு போட்டு ஒரு சின்ன வார்த்த அடிச்சா முழுசா வந்துரும், மொத்தம் 50 வரைக்கும் வைக்கலாம். டிடிஎஸ் பதில ஆடிட்டர்கிட்ட கேட்டு எழுதுனேன்: கமிஷனுக்கு 5 சதவீதமா இருந்தது 2024 அக்டோபர்ல இருந்து 2 ஆச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 20,000 தாண்டுனாத்தான் பிடிக்கணும், பான் நம்பர் குடுக்கலன்னா 20 சதவீதம் போயிரும். இத முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் போன்ல கால் மணி நேரம் விளக்குவேன்.

கைக்கட்டா பிரிண்ட்டாங்கிற பதில்ல மட்டும் கண்டிப்பா ஒரு வரி சேத்திருக்கேன், பிரிண்ட் சேலைய கைக்கட்டுன்னு சொல்லி விக்காதீங்கன்னு. மதுரை சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கெடச்சது, ஒவ்வொரு புள்ளிக்கும் துணிய நுனியில புடிச்சு நூலால முடிச்சுப் போடுற வேல அது, அந்தப் பேர நம்மளே கெடுக்கக் கூடாது. அதே மாதிரி வீடியோ போடுறவங்க இதுல எனக்கு கமிஷன் வருதுன்னு தெளிவா சொல்லிறணும், விளம்பரத் தரக் கவுன்சில் 2021லயே அதுக்கு விதிமுறை கொண்டு வந்துருச்சு.

அடுத்து லேபிள், அதாவது ஆளுங்கள வகை பிரிச்சு வைக்க சாட்டுல ஒட்டுற அடையாளச் சீட்டு மாதிரி. 20 வரைக்கும் போடலாம், எனக்கு நாலே போதும்: புதுசு, நல்லா விக்கிறவங்க, பணம் பாக்கி, சும்மா இருக்கிறவங்க. தினமும் முதல்ல புதுசு லேபிளத் திறப்பேன், ஏன்னா சேந்த முதல் வாரத்துல பதில் வரலன்னா அவங்க அப்படியே நின்னுர்றாங்க, அந்த நேரத்துல ஒரு பதினஞ்சு நிமிசம் போன்ல பேசி லிங்க எப்படி ஸ்டேட்டஸ்ல வைக்கிறது, போட்டோவ எந்த வெளிச்சத்துல எடுக்குறதுன்னு சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் கேள்வியே கொறஞ்சிருது. சும்மா இருக்கிறவங்கள மாசத்துக்கு ஒரு தடவ நலம் விசாரிப்பேன், தொரத்த மாட்டேன்.

பதில் சொல்ற நேரத்த முதல்ல காலைல பத்துல இருந்து பன்னெண்டுன்னு வச்சேன், அது எனக்குத் தோதா இருந்துச்சு, அவங்களுக்கு இல்ல, வீட்டு வேல நடக்குற நேரம். இப்ப மத்தியானம் ரெண்டரையில இருந்து நாலரை. மத்த நேரத்துல அவே மெசேஜ், அதாவது நம்ம இல்லாதப்ப ஆப்பே தானா அனுப்புற பதில், போயிரும், "ரெண்டரைக்கு மேல கண்டிப்பா பாக்குறேன், அவசரம்னா ஆர்டர்னு மட்டும் அனுப்புங்க"ன்னு. ஆர்டர்னு வந்தா எப்பன்னாலும் எடுப்பேன். வாய்ஸ் நோட்டு ரெண்டு மடங்கு வேகத்துல கேக்குறேன், மூணு நிமிசம் ஒன்றரை ஆயிருது.

கொறையும் இருக்கு. ஒரே மெசேஜ நெறைய பேருக்கு தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேரு சேக்கலாம், ஆனா நம்ம நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் போகும், அதனால சேர்றப்பவே முதல் வேலையா நம்பர சேவ் பண்ணச் சொல்லிருங்க. போன்ல நெட் இல்லன்னா அவே மெசேஜும் போகாது. கமிஷன் கணக்கு எல்லாம் இதுல வராது, அதுக்கு கூகுள் ஷீட்ல கூப்பன் கோட் வாரியா போட்டு, திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை அவங்கவங்க பகுதிய படமா எடுத்து அனுப்பிர்றேன், இத ஆரம்பிச்ச பெறகு ராத்திரி பதினொன்றரை மெசேஜ் வர்றதே இல்ல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். சித்திரைத் திருவிழா சமயத்துல, அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்தின ரெண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் கூட ஒதுக்கித்தான் ஆகணும், இந்தத் தடவ உசிலம்பட்டித் தங்கச்சிக்கும் புது கலர் போட்டோ அனுப்பியிருக்கேன், "அரக்கு இருக்காக்கா"ன்னு ஒடனே கேட்டா.