எம்.சி.ரோடு பக்கத்து சந்துல இருக்குற வக்கீல் அக்கா ஆபிஸ், 4 ஸ்டார்

போர்டு சின்னது, நான் ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டேன். துணி எடுக்க வர்ற கூட்டத்துல வண்டி நிறுத்த எடமே கெடைக்காது, வண்ணாரப்பேட்டை மெட்ரோல வந்துருங்க. ஆறு மணின்னு வரச்சொல்லி ஏழேகாலுக்குத்தான் உள்ள கூப்டாங்க, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன்.

பாரிமுனை பக்கம் ஒரு கிளியரிங் ஆபிஸ்ல வேல எனக்கு. மேனேஜரால பாலியல் தொல்லை, பேச்சும் சரியில்ல கையும் சரியில்ல, ராத்திரில மெசேஜ் வேற. எந்த ஆபிஸ், யாருன்னு கேக்காதீங்க, விசாரணை விஷயத்த வெளிய விடக்கூடாதுன்னு சட்டமே சொல்லுதாம். ஓனர்கிட்ட போனா "நம்ம மொத்தமே எட்டு பேரு, கமிட்டி கிமிட்டி எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தாம்மா"ன்னு முடிச்சிட்டாரு, நானும் லூசு மாதிரி நம்பிட்டேன்.

இத சொன்னதும் அக்கா சிரிச்சிட்டாங்க. பத்து பேர் இருந்தா இந்த மாதிரி புகார விசாரிக்க ஆபிஸ்லயே கமிட்டி வெக்கணும், வெக்கலன்னா 50,000 ரூபா வரைக்கும் ஃபைன், பத்துக்கு கம்மியா இருந்தா மாவட்டத்துக்குன்னு லோக்கல் கமிட்டி இருக்கு, ஓனர் மேலயே புகார்னாலும் அங்கதான் போகணும், இதெல்லாம் வேல செய்யற எடத்துல பொம்பளைங்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டத்துலயே இருக்காம். எங்க போய் ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ராஜாஜி சாலை கலெக்டர் ஆபிஸாம், தெனம் பஸ்ல அது வழியாத்தான் நான் வேலைக்கே போறேன்!

அப்புறம் தேதி கேட்டாங்க. கடைசியா நடந்ததுலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம், சரியான காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் குடுக்கலாம் ஆனா அத நம்பி உக்காந்துடாதன்னாங்க. காலண்டர எடுத்து எண்ணிப் பாத்தா எனக்கு பதினோரு நாள்தான் பாக்கி, கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஆறு செட் காப்பி, மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பிரிண்ட், சாட்சி பேரு, எல்லாம் உக்கார வெச்சு என் கையாலயே எழுத வெச்சாங்க. விசாரணை 90 நாள்ல முடியணுமாம், அதுவரைக்கும் மூணு மாசம் வரைக்கும் லீவு கேக்கலாமாம், அது நம்ம சொந்த லீவுல கழியாதாம். போலீஸ்ல தனியா புகார் குடுக்கவும் வழி இருக்கு, பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 75வது பிரிவு.

எனக்கு புடிச்சது என்னன்னா, "கமிட்டி முன்னாடி வக்கீல் வரக்கூடாதும்மா, நீதான் பேசணும், அதனால எனக்கு இன்னொரு ஃபீஸ் எடுத்து வெக்காத"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுன்னும் சொன்னாங்க. தன் கஸ்டமர தானே வேற எடத்துக்கு அனுப்புற ஆள இப்பதான் பாக்குறேன்.

படியில லைட் கெடையாது, எறங்கறப்போ மொபைல் டார்ச் போட்டுக்கோங்க.