பிரேமார் விளையாட்டு பார்க்க டூர் பஸ்ஸில் பதிவு செய்யப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

"ஹைலேண்ட் கேம்ஸ், எடின்பரோவிலிருந்து முழு நாள், தலைக்கு 95 பவுண்டு." ஸ்காட்லாந்தின் பிரேமார் கிராமத்தில் நடக்கும் மரபு விளையாட்டு விழாவுக்கான இந்த விளம்பரத்தை நம்பி மூன்று இடம் பதிவு செய்தேன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். இளவயதில் இளவட்டக்கல் தூக்கிய மனிதர். கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஆட்கள் சுமார் 6 மீட்டர் நீள மரத்தைத் தூக்கி எறிவதைக் காட்டாமல் அவரை எப்படித் திருப்பி அனுப்புவது?

பிரேமார் விளையாட்டு செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும். விக்டோரியா ராணி 1848இல் வந்து பார்த்ததிலிருந்து அரச குடும்பத்துக்கும் அதற்கும் உறவு. காலையிலேயே களைகட்டிவிடும். எங்கள் பஸ்ஸோ எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, எட்டே முக்காலுக்குத்தான் கிளம்பியது. பெர்த் பக்கம் ஒரு விஸ்கி கடையில் ஒன்றே கால் மணி நேரம். அப்பா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு கம்பளித் துணிக்கடை. கேர்ன்வெல் கணவாயில் போட்டோவுக்கு ஒரு நிறுத்தம். பிரிட்டனின் பிரதான சாலைகளிலேயே உயரமானது அது, இடம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். பிரேமார் சேர்ந்தபோது மணி இரண்டேகால்.

வாசலில்தான் குட்டு வெளிப்பட்டது. டிக்கெட் எங்கே என்று கேட்டதற்கு, "நுழைவு உங்கள் பொறுப்பு சார்" என்றார் வழிகாட்டி. அங்கே டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. போனில் பதிவை மறுபடி திறந்து பார்த்தால், பொடி எழுத்தில் "கேம்ஸ் நாளில் கிராமத்துக்குப் பயணம்" என்று இருக்கிறது. கிராமத்துக்கு! நான்கு மணிக்குத் திரும்பும் பஸ்.

வேலிக்கு வெளியே நின்று பேக்பைப் சத்தம் கேட்டோம். உள்ளே திடீரென்று ஒரே ஆரவாரம். "ராஜா வந்துட்டாரா?" என்று எட்டிப் பார்த்தார் அப்பா. எனக்குத் தெரியவில்லை. கேபர் என்ற அந்த மரத்தை எறிவதில் தூரம் கணக்கில்லை, அது குட்டிக்கரணம் போட்டு, எறிந்தவருக்கு நேர் முன்னே கடிகாரத்தின் 12 மணி முள் போல விழ வேண்டும் என்று வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

புகார் எழுதினேன். அடுத்த பயணத்துக்கு 20 பவுண்டு கூப்பன் தந்தார்கள். யார் போவது? கிரெடிட் கார்டில்தானே கட்டினோம் என்று வங்கியைக் கேட்டேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி வங்கியும் பொறுப்பேற்க, பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டுமாம். ஒரு இருக்கை 95தான் என்று கைவிரித்துவிட்டார்கள். வேண்டுமென்றே வைத்த விலையா என்று எனக்குச் சந்தேகம். இப்போது, கட்டிய பணத்தைக் கார்டு வழியாகவே திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் முதலில் விழாக்காரர்களின் சொந்தத் தளத்தில் நுழைவுச்சீட்டை எடுத்துவிடுங்கள், பிறகு வண்டியை யோசியுங்கள். அபர்டீனிலிருந்து பல்லட்டர் வழியாக சாதாரண பஸ்ஸே பிரேமாருக்குப் போகிறது. டூர்தான் வேண்டும் என்றால் "நுழைவுச்சீட்டு உண்டு, இத்தனை மணி நேரம் மைதானத்தில்" என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பிரேமார் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை: மே முதல் செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தில் ஊர் ஊராக இந்த விளையாட்டு நடக்கிறது, பல இடங்களில் வாசலிலேயே காசு கொடுத்து உள்ளே போகலாம். எனக்கு இது தெரிந்தபோது அப்பா விமானம் ஏறியிருந்தார்.