சுவர் ஓதம்: மீட்டர் போதுமா, துளைபோட்டு எடைபார்க்க வேண்டுமா?

அடிச்சுவரில் பூச்சு பொரிந்து உப்பு பூத்துவிட்டால், தரை நீர் மேலேறாமல் தடுக்க அடியில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் ஏற்றிவிடலாம் என்பார்கள். அதற்கு முன், ஈரம் உண்மையிலேயே தரையிலிருந்துதான் ஏறுகிறதா என்று தெரிய வேண்டும். கண்டுபிடிக்க இரண்டு வழி: ஊசி மீட்டரால் குத்திப் பார்ப்பது, காரையைத் துளைத்துத் தூளை எடைபோடுவது. என் சுவருக்கு நான் எடைபோட்டுத்தான் பார்த்தேன். செங்கல் சுவர் வைத்திருக்கும் யாருக்கும் அதையே சொல்வேன்.

மீட்டர் சுலபம், சுவருக்குச் சேதமில்லை. எந்தப் பகுதி சந்தேகத்துக்குரியது என்று தேட நல்ல கருவி. அதற்குமேல் நம்ப முடியாது, காரணம் உப்பு. மண்ணிலிருந்து ஏறும் நீர் குளோரைடு, நைட்ரேட் உப்புகளைக் கூடவே கொண்டுவருகிறது. நீர் ஆவியானாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். மீட்டர் அளப்பது இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. உப்பு இருந்தால் கொஞ்சம் ஈரத்துக்கே முள் எகிறிவிடும். அதன் அளவுகோலும் பெரும்பாலும் மரத்துக்காக வகுத்தது. செங்கல்லில் காட்டும் எண் நீரின் சதவீதமே அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். தரையிலிருந்து சொட்டு நீர் ஏறாவிட்டாலும் மழைக்காலத்தில் சுவர் நனைந்தே இருக்கும். எனவே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. உப்பு காற்றிலிருந்து இழுக்கக்கூடியதைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடைமுறை இதற்குப் பதில் சொல்கிறது. தரையருகே தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம்வரை, சில வரிசைக்கு ஒன்றாக, செங்கல் இடைக்காரையில் டிரில்லை மெதுவாக ஓட்டித் துளையிட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். பூச்சுத் தூளை ஒதுக்கிவிட்டு, 80 மி.மீ. ஆழம்வரை வரும் தூளை அப்போதே காற்றுப் புகாத புட்டியில் அடைக்கவும். ஈரத்தூள் டிரில் பிட்டின் திருகில் அப்பிக்கொண்டு வரும். உலர்ந்தது பொலபொலவென்று கொட்டும்.

முதலில் அப்படியே எடை. பிறகு, சமையல் உப்பின் தெவிட்டிய கரைசல் வைத்த மூடிய பெட்டியில் (உள்ளே ஈரப்பதம் 75% அளவில் நிற்கும்) எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து எடை. கடைசியாக 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடை. முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் இருந்த ஈரம். இரண்டாவதுக்கும் கடைசிக்கும் உள்ளது உப்பு இழுக்கக்கூடிய ஈரம். அடியில் முன்னது வெகுவாக விஞ்சி, உயர உயரக் குறைந்தால் ஓதம் ஏறுகிறது. கல் சுவரில் நான் செய்து பார்த்ததில்லை, ஆகவே அதற்கு உறுதி சொல்லமாட்டேன். கால்சியம் கார்பைடு அடைத்த அழுத்தக் கலம் (தூளின் ஈரம் கார்பைடோடு சேர்ந்து எழுப்பும் வாயுவின் அழுத்தத்தை வைத்து ஈரத்தை அளப்பது) சில நிமிடங்களில் விடை தரும், ஆனால் உப்புக் கணக்கைத் தராது.

எங்கள் சுவரில் கீழிருந்து மேல்வரை, சுவரில் இருந்த ஈரமும் உப்பு இழுக்கக்கூடிய ஈரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. ரசாயனம் ஏற்றும் வேலையைக் கைவிட்டு, உப்பேறிய பூச்சை மட்டும் கொத்தியெடுத்து மறுபூச்சு பூசினோம்.