சைப்ரஸ் 2: வாங்கிய பிறகு பார்க்க வேண்டிய வேலை எவ்வளவு?

ஸ்கைடைவிங் செய்பவர்களின் முதுகுப்பையில் ரிசர்வ் பாராசூட்டை (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்) தானாகத் திறந்துவிடும் கருவியை ஏஏடி (ஆட்டோமேட்டிக் ஆக்டிவேஷன் டிவைஸ்) என்பார்கள். அந்த வகையில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனத்தின் சைப்ரஸ். முதல் சைப்ரஸ் 1991-ல் வந்தது, சைப்ரஸ் 2 என்பது 2003-ல் வந்த அடுத்த தலைமுறை. இந்த மதிப்புரை பராமரிப்பைப் பற்றியது. கருவிக்கு உள்ளே நாம் பார்க்க வேண்டிய வேலை ஏறக்குறைய இல்லை. அதைச் சுற்றியுள்ள லூப் (பையை மூடி வைக்கும் கயிற்று வளையம்), பின் (அந்த வளையத்தைப் பூட்டும் உலோக ஊசி), குரோமெட் (கயிறு நுழையும் துளையின் உலோக விளிம்பு), பை ஆகியவற்றில்தான் வேலை அதிகம். "சைப்ரஸ் இருக்கிறதே" என்று கவனம் தளர்வதும் அங்கேதான்.

கருவியில் 3 பாகங்கள். அழுத்தத்தை அளந்து கணக்கிடும் மையப் பெட்டி ரிசர்வ் பக்கத்து உறையில் உட்காரும். ஒற்றைப் பொத்தானும் சிறு திரையும் சிவப்பு விளக்கும் கொண்ட கட்டுப்பாட்டுப் பகுதி வெளியே தெரியும்படி ஒரு சிறு பாக்கெட்டில் இருக்கும். மூன்றாவது கட்டர். ரிசர்வ் பையை மூடி வைத்திருக்கும் லூப் இந்தக் கட்டரின் துளை வழியே போகிறது. உள்ளே மிகச் சிறிய வெடிமருந்து ஒரு கத்தியைத் தள்ள, கத்தி லூப்பை அறுக்கிறது. சைப்ரஸ் பின்னை இழுப்பதில்லை, லூப்பை அறுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அதன் பிறகு பையின் மடல்களை விலக்கிக்கொண்டு, ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் ஸ்பிரிங் வெளியே பாய்வதும், பை ரிசர்வை விடுவிப்பதும் முழுக்கப் பேக்கிங்கின் தரத்தைப் பொறுத்தவை.

அனுபவசாலிகளுக்கான எக்ஸ்பர்ட் மாடல் தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் (750 அடி), இறங்கு வேகம் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் இருந்தால் செயல்படும். வயிறு கீழாக விழுபவரின் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது, அறுத்த பிறகு தரையைத் தொட 4 நொடி சொச்சம்தான் மிச்சம். லூப்பின் அறுந்த துண்டு குரோமெட்டில் சிக்கித் தயங்கினாலும், பைலட் சூட் ஒரு கணம் சாய்ந்து நின்றாலும் கழிவது அந்த 4 நொடியிலிருந்துதான்.

அதனால் லூப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏர்டெக் தன் கருவிக்கென்றே மெல்லிய, வழுவழுப்பான ஒரு லூப் கயிற்றைத் தருகிறது. ரிசர்வைப் பிரித்து மறுபடி மடித்து வைக்கும் ஒவ்வொரு ரீபேக்கிலும் புதியது போட வேண்டும். பழையது நன்றாக இருக்கிறது என்று மறுபடி போடும் ரிக்கரிடம் (ரிசர்வை மடித்துப் பராமரிப்பவர்) பையைக் கொடுக்காதீர்கள். லூப்பின் கீழ்முனையில் சுமார் 4 செ.மீ. நீளத்துக்கு சிலிக்கோன் தடவ வேண்டும், மேல் பாதிக்கு வேண்டாம். கட்டர் பையின் அடியில் இருக்கும் வடிவமைப்புகளில் அறுந்த லூப் எல்லா மடல்களின் குரோமெட்டுகளையும் கடந்து வெளியேற வேண்டியிருக்கிறது. வறண்ட நூல் அந்த ஓட்டத்தில் உராய்ந்து தடுமாறும். கட்டர் மேல் மடலில், பின்னுக்கு அருகில் இருந்தால் ஓட வேண்டிய தூரம் குறைவு. எந்த வடிவமைப்பு என்பதைப் பை உற்பத்தியாளர்தான் தீர்மானிக்கிறார். கட்டரைத் தன் விருப்பப்படி வேறிடத்தில் பொருத்துவது ரிக்கரின் உரிமையல்ல.

லூப் தேயும் இடங்கள் 3: பின் அமரும் கண், கட்டர் துளையின் விளிம்பு, குரோமெட் உரசும் பகுதி. குரோமெட்டின் உள்விளிம்பில் விரல்நுனியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். உலோகம் முள்ளாகக் குத்தினால் எத்தனை புதிய லூப் போட்டாலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும், குரோமெட்டையே மாற்ற வேண்டும். இழை பிரிந்த லூப் ஆகாயத்தில் திறக்காமல் போவதைவிட, விமானத்துக்குள்ளேயே அறுந்து ரிசர்வைத் திறந்துவிடும் ஆபத்துதான் பெரிது. கதவு திறந்திருக்கும்போது அது நடந்தால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

நீளமும் முக்கியம். கட்டர் அறுப்பதற்கு இறுக்கம் தடையல்ல என்பதால் சிலர் லூப்பைக் குட்டையாக வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள், பையும் தட்டையாக அழகாக இருக்கும். ஆனால் ரிசர்வ் கைப்பிடியைக் கையால் இழுக்கும் விசை 22 பவுண்டுக்கு, அதாவது சுமார் 10 கிலோவுக்கு, மேல் போகக் கூடாது. ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ரிக்கர் கேட்காமலே செய்வார். எதிர்த்திசையில் லூப் நீளமாகிவிட்டால் பைலட் சூட்டின் தொப்பி மேலெழும்பி, மடல்கள் இளகி, பின் நகரத் தொடங்கும்.

இனி அன்றாட இயக்கம். பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் சிவப்பு விளக்கு மின்னும். மின்னியவுடன் மறுபடி அழுத்த வேண்டும், இப்படி மொத்தம் 4 அழுத்தங்கள். தாளம் தவறினால் கருவி உங்களைக் கண்டுகொள்ளாது. பையைத் தற்செயலாக யாரோ அழுத்தி ஆன் ஆகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி. புதியவர்களுக்கு எரிச்சல் தரும், ஆனால் சரியான முடிவு. நகத்தால் அழுத்தாமல் விரல்நுனியால் பொத்தானின் நடுவில் அழுத்துங்கள். திரையில் 10-லிருந்து 0 வரை எண்ணிக்கை இறங்கும். 0-வில் நின்றால் சுயசோதனை முடிந்தது என்று பொருள். வேறு எண் காட்டிவிட்டு அணைந்தால் அது பிழைக் குறியீடு. கட்டரின் பிளக் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது ஓடும் காரில் வைத்து ஆன் செய்ததால் காற்றழுத்தம் நிலையாகக் கிடைக்காமல் இருக்கலாம். தரையில், நின்ற இடத்தில் மறுபடி முயலுங்கள். அப்போதும் வந்தால் அந்தப் பையோடு குதிக்கக் கூடாது.

ஆன் செய்த 14 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். நேற்று மாலை ஆன் செய்ததை நம்பி இன்று காலை விமானத்தில் ஏறுவது பழைய தவறு. குதிக்கும் மைதானத்தைவிட்டு வெளியே போய்த் தரைவழியாகத் திரும்பி வந்தாலும், மைதானத்துக்கு வெளியே இறங்கிவிட்டு வந்தாலும் அணைத்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். கருவி தரை அழுத்தத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் என்றாலும், உயரம் மாறிய பயணத்தை வானிலை மாற்றம் என்று நினைத்துக்கொள்ளும் வாய்ப்பை அதற்குக் கொடுக்கக் கூடாது. பறக்கும் விமானத்துக்குள் ஆன் செய்யவே கூடாது.

ஸ்டூடன்ட் மாடலில் இன்னொரு கண்ணி உண்டு. அதன் வேக வரம்பு நொடிக்கு 13 மீட்டர்தான். குதிக்காமல் விமானத்திலேயே இறங்க நேர்ந்தால், வேகமாகச் சரியும் விமானம் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். சிறிய, வேகமான மெயின் பாராசூட்டில் தரையருகே கூர்மையாகத் திரும்புபவர்களுக்கு எக்ஸ்பர்ட் பொருந்தாது. அந்தத் திருப்பத்தில் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்ட முடியும். அவர்களுக்கென ஸ்பீட் மாடல் உள்ளது.

தண்ணீர் விஷயத்தில் சைப்ரஸ் 2 முதல் தலைமுறையைவிடப் பல படி மேல். சுமார் 5 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆனால் நனைந்த பிறகு ஃபில்டரை மாற்றியாக வேண்டும். மாற்றும்போது ரிக்கர் கேபிள்களையும் பார்ப்பார்: முறுக்கு இருக்கக் கூடாது, கூர்மையான மடிப்பு இருக்கக் கூடாது, உபரி நீளம் தட்டையாகச் சுருண்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுவது பிளக்கைப் பிடித்துத்தான், கேபிளைப் பிடித்து இழுத்தல்ல. ஒரு முறை செயல்பட்டுவிட்டால் கட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

பேட்டரி மாற்றும் தொல்லை இல்லை என்பது முதல் தலைமுறையைவிட இதில் கிடைத்த பெரிய நிம்மதி. குறையாகத் தோன்றுவது தொழிற்சாலைப் பராமரிப்பு. பழைய சைப்ரஸ் 2 கருவிகளுக்கு 4-ம், 8-ம் ஆண்டுகளில் பராமரிப்பு, ஆயுள் 12½ ஆண்டு. பின்னர் வந்தவற்றுக்கு 5-ம், 10-ம் ஆண்டுகளில் பராமரிப்பு பரிந்துரைக்கப்படுகிறது, ஆயுள் 15½ ஆண்டு. கருவியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில் பை முடங்கும், ஆகவே அடுத்த ரீபேக் தேதியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். அமெரிக்காவில் ரிசர்வின் ரீபேக் சுழற்சி 180 நாள். ஏஏடி பொருத்தியிருந்தால் அதை உற்பத்தியாளர் சொன்னபடி பராமரிக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. போட்டியாளரான பெல்ஜியத்தின் விஜில் 20 ஆண்டு ஆயுள் சொல்கிறது, மாடலையும் கருவியிலேயே மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் அது மலிவாகத் தெரியும். ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனை இருப்பதையே விரும்புவோம்.

பழைய கருவி வாங்குவதாக இருந்தால் விற்பவர் சொல்லும் குதிப்பு எண்ணிக்கையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆயுள் உற்பத்தி மாதத்திலிருந்துதான் ஓடுகிறது. உற்பத்தி மாதம், வரிசை எண், பராமரிப்பு நடந்ததற்கான பதிவு, 1-பின் பைக்கா 2-பின் பைக்கா பொருந்தும் கட்டர் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் மாதங்களால் விலையை வகுத்துப் பாருங்கள். பராமரிப்பு ஆண்டு நெருங்கும் கருவி என்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிய பிறகு வகுக்க வேண்டும்.