பிஎச்டிக்கு மலாயாப் பல்கலைக்கழகமா, யுஎஸ்எம்மா?

தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆய்வுப் படிப்புக்கு வர நினைக்கிற பிள்ளைகள் இங்கே பினாங்கில் என்னிடம் கேட்பது இதைத்தான். கோலாலம்பூரில் இருக்கிற மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்குத் தீவில் இருக்கிற யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இரண்டையுமே மலேசிய அரசு ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவித்திருக்கிறது, அதனால் அந்தப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

தமிழ், இந்தியவியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோலாலம்பூருக்குப் போங்கள். 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. வாடகை பினாங்கைவிடக் கூடுதல்தான். ஆனால் யுனிவர்சிட்டி நிலையத்தில் எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல், இறங்கி நடந்தால் நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாடு.

1969இல் தொடங்கிய யுஎஸ்எம்மில் மருந்தியலும் கடல் ஆய்வும் பலம். கடல் ஆய்வு மையம் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, படகில் போகலாம், இல்லாவிட்டால் காட்டு வழியே நடக்க வேண்டும், அந்த வேலை பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்புறம் ஒன்று, பொறியியல் வளாகம் தீவில் இல்லை! எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தீவில் முதன்மை வளாகம் இருக்கிற கெலுகோரில் அறை பிடித்து முன்பணமும் கட்டிய பிறகுதான், பாலம் தாண்டி நிபோங் தெபால் போகணும் என்று அவனுக்குத் தெரிந்தது. பாவம், அந்தப் பணம் திரும்பவே இல்லை.

சரி, என்னைக் கேட்டால் ஊரைவிட மேற்பார்வையாளர்தான் முக்கியம். அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள், போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள் என்று மின்னஞ்சலில் நேராகவே கேளுங்கள். பதில் வந்த பிறகு விண்ணப்பக் கட்டணம் கட்டினால் போதும்.