நோட்டரி முத்திரையை நம்பி மனைக்குப் பணம் கொடுக்காதீர்கள்

சென்னைப் புறநகரில் மனை தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். குன்றத்தூர் பக்கம் ஒரு மனைக்காக என் சித்தப்பா ஒன்பது லட்சம் ரூபாய் கொடுத்தார். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம். "பத்திரப்பதிவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் ஐயா, நோட்டரி போட்டாலே சட்டப்படி செல்லும்" என்று தரகர் அவரைப் பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம் அழைத்துப் போய் விற்பனை ஒப்பந்தம் போட வைத்தார்.

அந்த ஒப்பந்தத்தை நான் வரிவரியாகப் படித்தேன். நூறு ரூபாய் முத்திரைத்தாள், பக்கத்துக்குப் பக்கம் வட்ட முத்திரை. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் விற்பவர் அன்று வரவே இல்லை. அவர் கையெழுத்து ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நோட்டரி அடையாள அட்டை கேட்கவில்லை, தன் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கவில்லை. கையெழுத்திட்டவர் இன்னார்தான், என் முன்னிலையில்தான் இட்டார் என்று சான்றளிப்பதுதானே அவர் வேலை! அதைக்கூடச் செய்யாமல் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் ஒழுங்காகச் செய்திருந்தாலும் மனை சித்தப்பாவுக்குச் சொந்தமாகியிருக்காது. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் உறுதிமொழி வாங்கவும் பிரமாணப் பத்திரத்துக்கும் நகலுக்கும் சான்றளிக்கவும் அதிகாரம் தருகிறது. நிலம் யாருடையது என்று நோட்டரி விசாரிப்பதில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயம். பொது அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து நில உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பட்டா மாற்றப் போனபோதுதான் எல்லாம் வெளிவந்தது. ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அதே மனை வேறொருவருக்குக் கிரயமாகியிருந்தது, முறையான பதிவோடு. நோட்டரித் தாள் எதுவும் வில்லங்கத்தில் ஏறாது. ஆகவே சித்தப்பா பணம் கொடுத்த சுவடே அதில் இல்லை.

விற்றவர் மீதும் தரகர் மீதும் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். நோட்டரியின் நடத்தை பற்றி அவரை நியமித்த அரசிடம் புகார் செய்ய 1956ஆம் ஆண்டு நோட்டரிகள் விதிகள் இடம் தருகின்றன. அதையும் தயார் செய்துவருகிறோம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்வையிடக் கட்டணம் கிடையாது. மூலப் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவரே சார்பதிவாளர் முன் வந்து கையெழுத்திடும் நாளில் மீதிப் பணத்தைக் கொடுங்கள். அந்தத் தரகர் இன்னமும் அதே பகுதியில் மனை காட்டிக்கொண்டிருக்கிறார்.