சில வருசம் மஸ்டடோன் பாவிச்ச கதை: யாழ்ப்பாணத்தில இருந்து

முதலே சொல்லிப்போடுறன், பேஸ்புக்கை மூடிப்போட்டு மஸ்டடோனுக்கு, ருவிட்டர் மாதிரிச் சின்னப் பதிவு போடுற இந்தச் சமூகத் தளத்துக்கு, வரலாமோ எண்டு கேட்டால் வராதேங்கோ. மாமா, ஸ்காபரோவில இருக்கிற மச்சாள், பழைய மாணவர் சங்கம், செத்தவீட்டு அறிவித்தல் எல்லாம் பேஸ்புக்கிலயும் வட்ஸ்அப்பிலயும்தான் கிடக்கு, அவை ஒருத்தரும் மஸ்டடோனுக்கு வரப்போறேல்லை, நானும் கூப்பிடுறதை விட்டுட்டன். ஆனா காலமை தேத்தண்ணியோட நான் முதல் திறக்கிறது இப்ப மஸ்டடோன்தான், ருவிட்டரை எட்டிப் பாத்தே கனகாலம். ஏனெண்டு எழுதோணும் எண்டு நினைச்சு நினைச்சு பஞ்சியில விட்டது, இண்டைக்கு எழுதுறன், கொஞ்சம் நீளும்.

கணக்குத் திறந்தது 2022 ஏப்ரலில. ஏப்ரல் 3 அரசாங்கம் பேஸ்புக், ருவிட்டர், வட்ஸ்அப், யூரியூப் எல்லாத்தையும் மறிச்சு வச்சது ஞாபகம் இருக்குமே, அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தம், சனம் எல்லாம் தடையைத் தாண்ட விபிஎன் தேடி ஓடித் திரிஞ்சுது. தின்னவேலியில எங்கட ஒழுங்கையில வாடகைக்கு இருந்த கம்பஸ் பெடியன்தான் சொன்னவன், "அண்ணை, உவை பேரைப் பாத்துத்தான் மறிக்கிறவை, இது ஆயிரக்கணக்கான பேரில ஓடுது, எதையெண்டு மறிப்பினம்?" எண்டு. உண்மையில மறிக்கத்தான் வேணுமெண்டு நிண்டால் மறிக்கலாம், ஆனா அண்டைக்கு பட்டியலில இது இருக்கேல்லை, அதால உள்ளுக்குப் போனன்.

தெரியாத ஆக்களுக்கு ஒரு வரியில: டயலொக் நம்பரில இருந்து மொபிட்டலுக்கு எடுக்கிறம்தானே, அதுமாதிரி ஒரு சேர்வரில கணக்கு வச்சிருக்கிற ஆள் வேற சேர்வரில இருக்கிற ஆளைப் பின்தொடரலாம், மறுமொழி போடலாம், சேர்வரை நடத்திறது வேற வேற ஆக்கள். மென்பொருளும் ஒண்டெண்டு இல்லை. படத்துக்கு பிக்செல்பெட், வீடியோவுக்கு பியர்ரியூப், ரெடிட் மாதிரிக் கதைக்க லெம்மி, ஜப்பான்காரர் செய்த மிஸ்கி எண்டு கனக்க இருக்கு, முழுக்கத்தான் பெடிவேர்ஸ் எண்டு சொல்லுறது. இதுகள் தங்களுக்குள்ள கதைக்கிற பாஷை அக்டிவிட்டிபப், அதை இணைய நியமங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில நியமமா வெளியிட்டது. மஸ்டடோனை ஒயிகன் ரொக்கோ எண்ட ஜெர்மன்காரர் 2016 ஒக்ரோபரில தனியாளா வெளியில விட்டவர். அதுக்கு முந்தியும் ஆக்கள் முயற்சி செய்யாமல் இல்லை, 2008இல இவான் புரொட்ரொமு ஐடென்டிகா எண்டு ஒண்டு நடத்தினவர், பேந்து அக்டிவிட்டிபப் எழுதினதிலயும் அவர் ஒராள். 2010இல நியூயோர்க் பெடியள் நாலு பேர் டயஸ்போரா எண்டு தொடங்கி 10,000 டொலர் கேக்க சனம் ரண்டு லட்சம் டொலர் குடுத்தது, அந்த நேரம் பேஸ்புக்கில அவ்வளவு கோவம். காசு வந்த அளவுக்கு சனம் வந்து நிக்கேல்லை எண்டது வேற கதை.

இதைப்பற்றி எழுதுற எல்லாரும் "எத்தினை பேர் இருக்கினம்" எண்ட ஒரு கேள்வியோடதான் வருவினம், அந்தக் கேள்வியில எனக்கு எப்பவும் கொஞ்சம் எரிச்சல். சனம் அலை அலையா வரும், பேந்து போகும். 2019 நவம்பரில இந்தியாவில சஞ்சய் ஹெக்டே எண்ட சட்டத்தரணியின்ர கணக்கை ருவிட்டர் முடக்க அங்கத்தையான் ஆக்கள் கொஞ்சப்பேர் கிளம்பி வந்தவை, கன பேர் திரும்பிப் போட்டினம். 2022 ஒக்ரோபர் கடைசியில மஸ்க் ருவிட்டரை வாங்க வந்த கூட்டம்தான் பெரிசு, மாதம் 3 லட்சம் பேர் பாவிச்ச மஸ்டடோன் ஒரு மாதத்துக்குள்ள 25 லட்சத்துக்குப் போச்சுது, எனக்கு அந்த நாளில ரைம்லைன் அசையவே இல்லை, போட்டது பக்கத்து சேர்வருக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம், அட்மின்மார் நித்திரை இல்லாம சைட்கிக் கியூவை, சேர்வர் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் காத்துக் கிடக்கிற வரிசையை, பற்றியே புலம்பிக்கொண்டு இருந்தவை. இப்ப அந்த 25 லட்சத்தில பாதி கூட இல்லை. அப்ப தோல்விதானே எண்டு கேட்டால், இல்லை எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டால் சனம் போனாலும் அந்த நேரங்களில மென்பொருளில நடந்த வேலைகள் மிஞ்சிக் கிடக்கு.

நான் வந்த நேரம் கையில இருந்ததையும் இப்ப இருக்கிறதையும் பாருங்கோ. போட்டதைத் திருத்திற வசதி 2022 மார்ச்சில வந்த 3.5 பதிப்பிலதான் வந்தது, ருவிட்டரில அதுக்குப் பேந்து காசு கேட்டவை. ஹேஷ்டாக்கைப் பின்தொடரிறது 2022 நவம்பரில 4.0ஓட வந்தது, அது வந்தாப்பிறகுதான் எனக்கு இந்த இடத்தில தமிழ் ஆக்கள் இருக்கினம் எண்டே தெரிஞ்சுது. சொற்களை வச்சுத் தேடுறது முந்தி வேணுமெண்டே இல்லை, ஆக்களைத் தேடிப்பிடிச்சு வம்புக்கு இழுக்கிறதுக்குத்தான் அது உதவும் எண்டு ஒரு வாதம், 2023 செப்டெம்பரில 4.2இல சம்மதிச்ச ஆக்களின்ர பதிவை மட்டும் தேடலாம் எண்டு கொண்டுவந்தவை. மற்றவையின்ர பதிவை மேற்கோள் காட்டிப் போடுறதையும் இப்பிடித்தான் ரொக்கோ கனகாலமா மாட்டன் எண்டு நிண்டவர், கடைசியா 2025 நவம்பரில 4.5இல வந்தது, ஆனா ஆர் என்னை மேற்கோள் காட்டலாம் எண்டதை நான் தீர்மானிக்கலாம், ஒருத்தன் நக்கலடிக்க எடுத்துப் போட்டால் அதில இருந்து என்ர பதிவைக் கழட்டி எடுக்கலாம். இது பெரிய விசயம் எண்டு நினைக்கிறன். எங்கட ஆக்கள் ருவிட்டரில சாதி, இயக்கம், புலம்பெயர் ஆக்களின்ர சண்டை எண்டு பிடிக்கிற கூத்தில முக்கால்வாசியும் மேற்கோள் காட்டித்தானே நடக்கிறது.

லெம்மியும் இப்பிடித்தான். 2023 ஜூனில ரெடிட் தன்ர ஏபிஐக்கு, வெளி அப்புகள் அதோட கதைக்கிற வழிக்கு, காசு கேக்க ஆக்கள் அள்ளுப்பட்டு வந்தவை, அந்தப் பாரத்தைத் தாங்கேலாம எந்நேரமும் திறந்து கிடக்கிற வெப்சொக்கெட் இணைப்பைத் தூக்கிப்போட்டு சாதாரண எச்ரிரிபிக்கு மாறினவை, இப்ப என்ர பழைய போனிலயும் வடிவா ஓடுது. வேர்ட்பிரஸுக்கு அக்டிவிட்டிபப் பிளகின் இருக்கு, என்ர பழைய வலைப்பதிவில, தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டி காலத்தில எழுதினது, அதில இப்ப ஒரு பதிவு போட்டால் மஸ்டடோனில இருக்கிறவைக்கு நேர போகுது, அவை போடுற மறுமொழி வலைப்பதிவில கருத்தா வந்து விழுது. முதல்தரம் அப்பிடி ஒரு கருத்து வந்து விழேக்க எனக்கு வந்த சந்தோசம் பேஸ்புக்கில நூறு லைக்குக்கும் வரேல்லை.

சரி, தமிழுக்கு வருவம். ருவிட்டரில "யாழ்ப்பாணம்" எண்டு எழுதினால் 11 எழுத்துப் போயிடும், ஏனெண்டால் அரவு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது. மஸ்டடோனில யா, ழ், ப், பா, ண, ம், 6 எழுத்துத்தான், நாங்கள் அரிவரியில படிச்ச மாதிரியே எண்ணுது, அதுவும் மொத்தம் 500. அங்கை 280ஐ இப்பிடி அரவுக்கும் விசிறிக்கும் குடுத்துப்போட்டு மிச்சத்தில தந்தி அடிச்ச மாதிரி எழுதி எழுதி எனக்கு வசனமே சுருங்கிப்போச்சு, இஞ்சை வந்துதான் திரும்ப ஒழுங்கா ஒரு பந்தி எழுதுறன். இடைமுகத்தின்ர தமிழாக்கம் அரைகுறை, பாதி தமிழ் பாதி ஆங்கிலம், இருக்கிற தமிழும் சில இடத்தில வாசிச்சால் சிரிப்பு வரும். நான் ஆங்கிலத்திலயே விட்டிருக்கிறன்.

இனி நொந்த கதை. நான் முதல் இருந்த சேர்வர், பேர் வேண்டாம், வெளிநாட்டில ஒரு தனியாள் நடத்தினது, நல்ல மனிசன், ஆனா 2022 கூட்டத்துக்குப் பிறகு காசும் கட்டேலாது அலுப்பும் தாங்கேலாது எண்டு மூடப்போறன் எண்டு அறிவிச்சுப்போட்டார். இடம்பெயர வசதி இருக்கு, புதுக் கணக்கில பழையதின்ர முகவரியைக் குடுத்துப்போட்டு பழைய கணக்கில மாத்து எண்டு அமத்தினால் பின்தொடரிற ஆக்கள் தாங்களாவே கொஞ்சம் கொஞ்சமா வந்து சேருவினம், நாங்கள் பின்தொடரிற பட்டியலையும் புக்மார்க்கையும் கோப்பா இறக்கி ஏத்தலாம். ஆனா எழுதின பதிவுகள் வராது. அது இண்டைக்கும் வராது, இத்தினை வருசம் வளந்தும் இது ஒரு பெரிய ஓட்டைதான். 2022 எரிபொருள் கியூவில நிண்டு எழுதினதுகள், பெற்றோலுக்கு விடிய விடிய நிண்ட கதையள் எல்லாம் ஒரு சிப் கோப்புக்குள்ள என்ர பென்ரைவில கிடக்கு, ஆரும் வாசிக்கேலாது. இடம்பெயர்ந்து பழகின சனம்தானே எண்டு நண்பன் ஒருத்தன் பம்பலா மறுமொழி போட்டான், சிரிச்சன், ஆனா கடுப்பாத்தான் இருந்தது.

சேர்வரை ஆள் பாத்துத்தான் எடுக்கோணும், டொமைனையும், அதாவது சேர்வரின்ர இணைய முகவரியையும், பாக்கோணும். 2023இல மாலி நாட்டுக்காரர் .எம்எல் முகவரிகளைத் திருப்பி எடுக்க லெம்மி சேர்வர் ஒண்டு பேரில்லாமப் போனது, 2024 பெப்ரவரியில தலிபான் ஆக்கள் ஆப்கானிஸ்தானின்ர .ஏஎப் முகவரி ஒண்டைப் பறிச்சு ஒரு மஸ்டடோன் சேர்வரே இல்லாமப் போச்சு. இஞ்சை உங்கட பேரே சேர்வரின்ர டொமைனோடதானே ஒட்டிக்கிடக்கு.

பியர்ரியூப்பைப் பற்றிக் கேக்கிறவைக்கு: பிரான்சில பிரமாசொப்ற் எண்ட சங்கம் செய்யுது, ஒரு வீடியோவைப் பாக்கிற ஆக்கள் தங்களுக்குள்ளயே துண்டு துண்டாப் பகிருறதால சேர்வருக்குப் பாரம் குறையும். யோசனை நல்லம், ஆனா போன் டேற்றாவில பாக்கிற எங்களுக்கு நாங்கள் பாக்கிறதும் போய் அடுத்தவைக்குக் குடுக்கிறதும் சேந்து ரீலோட் கரையும், செற்றிங்சில பி2பி எண்ட அந்தப் பகிர்வை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ. தமிழில பாக்க ஒண்டும் பெரிசா இல்லை. பிக்செல்பெட் வடிவு, 2025 ஜனவரியில அப் வந்தாப்பிறகு பிக்கல் இல்லை, நான் அதில நல்லூர்த் திருவிழாப் படமும் காரைநகர் கசூரினாப் படமும் மட்டும் போடுறனான், வேற ஒண்டுமில்லை.

தணிக்கை, முறைப்பாடு எண்டு பாத்தால் ரண்டு பக்கமும் இருக்கு. ஒருக்கா ஒருத்தன் தமிழில கீழ்த்தரமா எழுத முறைப்பாடு குடுத்தன், அட்மின் ஒரு மணித்தியாலத்துக்குள்ள "எனக்குத் தமிழ் தெரியாது, இது என்ன சொல்லுது எண்டு வசனம் வசனமாச் சொல்லுவீங்களோ" எண்டு எனக்கே எழுதிக் கேட்டார், சொன்னன், ஆளைத் தூக்கிட்டார். பேஸ்புக்கோட ஒப்பிட்டுப் பாருங்கோ, 2018 கண்டிக் கலவரத்தில தங்கட தளம் என்ன செய்தது எண்டதுக்கு அவை மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம்தான். ஆனா அந்த அட்மினுக்கு நான் சொன்னது உண்மையோ எண்டு பாக்க வழியில்லை, நான் பொய் சொல்லியிருந்தால் ஒரு அப்பாவி போயிருப்பான், அதை நினைக்க எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. மோசமான கூட்டத்துக்கும் இந்த மென்பொருளை எடுக்கலாம்தான். 2019இல காப் எண்ட அமெரிக்கத் தளம் மஸ்டடோனுக்கு மாறினது, மிச்ச சேர்வர்காரர் வரிசையா அதை மறிச்சு விட்டினம், அது தனியக் கிடந்தது. ட்ரம்பின்ர ட்ரூத் சோசலும் இதே மூலநிரலை எடுத்துப்போட்டுச் சொல்லாம இருக்க, உரிமத்தைக் காட்டி மஸ்டடோன்காரர் கேக்க 2021 நவம்பரில நிரலை வெளியில விட வேண்டி வந்தது.

நாங்களும் ஒரு தமிழ்ச் சேர்வர் இஞ்சையே நடத்துவம் எண்டு கொஞ்சப்பேர் பரமேஸ்வராச் சந்தியில ரோல்சும் பிளேன்ரீயுமா இருந்து கதைச்சம். தொழில்நுட்பம் பெரிய பிரச்சினை இல்லை, சேர்வருக்கு வேண்டிய போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் எல்லாம் அந்தக் கம்பஸ் பெடியனுக்குத் தண்ணி பட்ட பாடு, வெளிச் சேர்வர்களில இருந்து வாற படங்களை எங்கட சேர்வரும் பிரதி எடுத்து வைக்கும், டிஸ்க் அதாலதான் நிரம்பும் எண்டு கணக்குப் போட்டுக் காட்டினவன். மறிச்சது வேற ரண்டு விசயம். வெளிநாட்டுச் சனத்திட்டக் காசு சேத்தால் நாங்கள் கதைச்ச நேரம் பேபாலில இலங்கையில இருந்து அனுப்பலாம், வாங்கேலாது, அப்ப கனடாவில ஆரின்ர பேரிலயோ வைக்கோணும், அது பேந்து கணக்குவழக்குச் சண்டை. மற்றது 2024 பெப்ரவரி 1 நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அஞ்சு பேர் ஆணைக்குழு ஒரு பதிவைத் தூக்கு எண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள தூக்கோணும், பேஸ்புக்குக்கு வக்கீல் இருக்கு, வீட்டு அறைக்குள்ள லப்ரொப்போட இருக்கிற பெடியனுக்கு ஆர் இருக்கினம்? அவன்ர தாய் ஒரே சொல்லில முடிச்சு விட்டா, "தம்பி, உந்தச் சோலி எங்களுக்கு வேண்டாம் ராசா." அதோட அது போச்சு.

ரொக்கோ 2025 நவம்பரில தலைமைப் பொறுப்பை விட்டுட்டு வணிகப்பேரையும் லாபநோக்கில்லாத அமைப்புக்கு எழுதிக் குடுக்கிறன் எண்டு சொன்னவர். பேஸ்புக்கின்ர கொம்பனி மெட்டா நடத்திற திறெட்ஸும் 2023 டிசம்பரில இருந்து கொஞ்சம் கொஞ்சமா அக்டிவிட்டிபப்பைத் திறந்துகொண்டு வருது, விருப்பப்பட்டு ஓன் பண்ணின ஆக்களை மட்டும் பின்தொடரலாம், சில சேர்வர்காரர் மெட்டா எண்டாலே ஆகாது எண்டு முழுக்க மறிச்சு வச்சிருக்கினம். என்ர அட்மின் மறிக்கேல்லை, எனக்கும் பரவாயில்லை.

வந்து பாக்கப் போறியள் எண்டால் பெரிய சேர்வரும் வேண்டாம் ஒற்றை ஆள் நடத்திற சின்னதும் வேண்டாம், ரண்டு மூண்டு அட்மின் இருக்கிற, மாதச் செலவுக் கணக்கைப் பகிரங்கமாப் போடுற நடுத்தர சேர்வர் ஒண்டை எடுங்கோ, அன்ரொயிட் எண்டால் ரஸ்கி அப் போடுங்கோ, பாரமில்லை. முதல் கிழமை ரைம்லைன் வெறிச்செண்டு கிடக்கும், உங்களுக்கு எண்டு ஊட்டிவிட அல்கோரிதம் இல்லை, #தமிழ் #யாழ்ப்பாணம் எண்டு ஹேஷ்டாக்குகளைப் பின்தொடர்ந்துவிட்டு உங்கட பதிவிலயும் மறக்காம அதுகளைப் போடுங்கோ, படம் போட்டால் கண் தெரியாத ஆக்களுக்கு விவரணமும் எழுதுங்கோ, இல்லாட்டி ஆராவது வந்து கேப்பினம்.